பைண்டர் பொன்னுரங்கத்தின் ஜப்பான் கதை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில், பைண்டர் பொன்னுரங்கத்திடம் புத்தகம் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரியும். தையல் அரை மணியில் முடிந்துவிடும். விசாரணைதான் முடியாது.

"எந்த ஊருங்க? வடக்கனந்தலா? எந்தத் தெரு? இந்த ரிஜிஸ்டர யாரு இப்பிடிக் கிழிச்சது, எலியா? ஆபீஸ்ல எலி ஜாஸ்தியா? பூனை வளக்கலாமே, ஏன் வளக்கல?" ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்பார். பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். ஒருமுறை காவல் நிலையத்து ஏட்டு ஒருவர் நோட்டுப் புத்தகம் தைக்க வந்தார். எங்கே பிறந்தார், எத்தனை ஊருக்கு மாற்றல் ஆனது, கடைசி மகன் எட்டாம் வகுப்பில் ஏன் இரண்டு வருஷம் உட்கார்ந்தான் என்பது வரைக்கும் ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆயுசு பூராவும் மற்றவர்களைக் கேள்வி கேட்ட மனிதர், அன்றைக்குக் கூண்டில் ஏறி இறங்கியவர் மாதிரி வேர்த்துப்போயிருந்தார்.

"யோவ், உன்ன சிஐடில சேத்திருக்கணும்யா. தப்பிப் பொறந்து பசை காய்ச்சிக்கினு கெடக்கற" என்பார் எதிர் டீக்கடை கண்ணாயிரம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கேட்டதை வெளியே கொண்டுபோய் விற்கிற ஆள் இல்லை பொன்னுரங்கம். வம்பு வேறு, இது வேறு. ஒரு விஷயம் தெரியாமல் பாக்கி நின்றால் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான். மலையிலிருந்து வரும் கடுக்காய் மூட்டை எந்த ஊருக்குப் போகிறது, சின்னசேலம் ஸ்டேஷனில் எந்த ரயில் எத்தனை நிமிஷம் நிற்கிறது, தாலுகா ஆபீஸ் கடிகாரம் என்றைக்கு நின்றது, எல்லாம் அவரிடம் இருந்தது. இப்படிப்பட்ட மனிதரின் கையில் ஆண்டவன் ஒரு ஜப்பான் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தான் என்றால், அது விளையாட்டுக்குத்தான்.

அது 1989, கார்த்திகை மாசம். கல்வராயன் மலையில் விளையும் சாமை, தினை விதைகளைச் சேகரிக்க மொரிதா என்கிற ஜப்பான்காரர் ஒருவர் வந்து லாட்ஜில் தங்கியிருந்தார். ஒல்லியான ஆள், துணித் தொப்பி, முழங்கால் வரைக்கும் செம்மண். தமிழில் ஒரு கைப்பிடி வார்த்தை தெரியும், அதில் பாதி தானியத்தின் பேர். மத்தியான நேரம் கடைக்கு வந்து, ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, தையல் விட்டுப்போன ஒரு பழைய புத்தகத்தைப் பலகையில் வைத்தார்.

"தாத்தா புக்கு. பழசு. நூத்தம்பது வருசம்" என்றார். பிறகு விரலால் தைத்துக் காட்டினார். "கத. நல்ல கத. நான் மலை, பத்து நாள். வருவேன்."

பொன்னுரங்கத்துக்கு அன்றைக்கு மூச்சே நின்றுவிட்டது என்று சொல்லலாம். முப்பது தாள். தாளுக்குத் தாள் படம். படத்தைச் சுற்றி, இடம் விடாமல், மேலிருந்து கீழே இறங்கும் எழுத்து. அதுவரைக்கும் அவர் கையில் வந்த எந்தப் புத்தகத்தின் உள்ளே இருப்பதைப் பற்றியும் இரண்டு கேள்விக்கு மேல் கேட்கத் தோன்றியதில்லை. இதைப் பார்த்ததும் நூறு கேள்வி வந்தது. கேட்கலாம் என்றால் மொரிதாவிடம் சாமையும் தினையும்தான் இருந்தன.

அந்த நேரத்தில் ராஜாம்பாள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்றாள். பொன்னுரங்கத்தின் மனைவி. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. தினமும் மத்தியானம் கோட்டைமேட்டு வீட்டிலிருந்து சோறு கொண்டுவருவாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் காலிக் கேரியரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் கடையில் ஆள் இருக்கும். ஆள் இருந்தால் கேள்வி இருக்கும். அரை மணியோ ஒரு மணியோ, பசை வாளிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நிற்பாள். அங்கே அவளுடைய முதுகு பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு தேய்ந்து ஒரு தடம் இருந்தது.

ஜப்பான்காரர் போன பிறகு அவளும் எட்டிப் பார்த்தாள். பொன்னுரங்கம் முதல் தாளைக் காட்டினார். சாய்வாகக் கோடு கோடாக மழை. ஆற்றில் ஒரு படகு. படகில் மூட்டையோடு ஒரு பெண். முகம் கரையைப் பார்த்திருந்தது.

"இந்தப் பொம்பள போறாளா, வர்றாளாங்க?" என்று கேட்டாள்.

"வர்றா. மூஞ்சி கரைப் பக்கம் இருக்குது பாரு."

"எனக்கு என்னமோ போற மாதிரி தெரியுது."

"உனக்கு இன்னா தெரியும்? கேரியர வெச்சிட்டுப் போ, ஆள் வர்றாங்க."

அவள் வைத்துவிட்டுப் போனாள். இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பொன்னுரங்கம் வைத்துக்கொள்ளவில்லை.

தைக்க உட்கார்ந்தவர் எடுத்த எடுப்பில் ஒரு தப்பு செய்தார். வெளி ஓரத்தில் ஒவ்வொரு தாளும் மடிந்து ஒட்டினாற்போல் இருந்தது. அச்சாபீஸிலிருந்து வரும் நம் ஊர்ப் புத்தகங்களும் மடிப்போடுதான் வரும். பைண்டர்தான் ஓரத்தைச் சீவிப் பக்கங்களைப் பிரிக்க வேண்டும். நூற்றைம்பது வருஷமாக எவனும் இதைப் பிரிக்காமலே வைத்திருக்கிறானே என்று மொரிதாவின் தாத்தாவுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு, கத்தியை எடுத்து முதல் தாளின் மடிப்பைக் கிழித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

நல்ல வேளையாக அதோடு நிறுத்தினார். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, அச்சில்லாத பக்கத்தை உள்ளே மடித்து வைப்பதுதான் அவர்கள் வழக்கம் என்று புரிந்தது. கிழித்ததை மெல்லிய தாள் ஒட்டிச் சரிசெய்தார். அவமானமாக இருந்தது. இருபது வருஷத் தொழிலில் ஒருவர் நம்பிக் கொடுத்ததை அவர் கத்தி கெடுத்தது அதுதான் முதல் தடவை. மொரிதா வந்தால் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டார்.

மொரிதா வரவில்லை. மலையில் காய்ச்சல் வந்து, அவரை வெள்ளிமலையிலிருந்து அந்தப் பக்கமாகவே கருமந்துறை வழியில் ஆத்தூருக்கு இறக்கி, சேலத்துக்குக் கொண்டுபோய், அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று லாட்ஜில் சொன்னார்கள். எந்த வண்டியில் இறக்கினார்கள், கூட யார் போனது, எவ்வளவு காய்ச்சல் என்றெல்லாம் பொன்னுரங்கம் விசாரித்து வைத்தார். விலாசம் மட்டும் யாரிடமும் இல்லை.

அப்புறம் என்ன? புத்தகம் அவரிடமே தங்கிவிட்டது. எழுத்துத் தெரியாவிட்டால் போகிறது, படம் இருக்கிறதே. தினமும் வேலை முடிந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருவார். மெல்ல மெல்லக் கதை பிடிபட்டது.

மழையில் படகேறி ஒரு பெண் வருகிறாள். வந்து ஒரு வீட்டில் படுத்திருக்கிறாள், பயணக் களைப்பு. மடக்குத் தட்டி ஒன்று அவளை மறைத்து நிற்கிறது. தட்டிக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரன் நாலைந்து பேரை உட்கார வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறான். வாய் எப்போதும் திறந்தே இருக்கும். பொன்னுரங்கத்துக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. அப்புறம் அந்தப் பெண் எழுந்து நடமாடுகிறாள். சாப்பாட்டுத் தட்டு ஏந்திக்கொண்டு அவனிடம் போகிறாள், தாள் தாளாகப் போகிறாள். நடுவில் ஒரு தீ விபத்து, கூரைமேல் ஒரு பூனை, மனுஷன் மாதிரி வேட்டி உடுத்திய ஒரு நரி. நரி எதற்கு என்பது மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. முடிவில் மரம் பூராவும் பூப் பூத்து, அதன் கீழே இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாக இல்லாவிட்டாலும் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணம். சுபம்.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள். நாம் பார்த்த கதையெல்லாம் கல்யாணத்தில்தானே முடிந்திருக்கிறது?

ஒன்று மட்டும் இடித்தது. மடிப்பு ஓரத்தில் ஒவ்வொரு தாளிலும் ஒரு குறி இருந்தது. கடைசித் தாளில் ஒரு கோடு, அதற்கு முந்தினதில் இரண்டு, அதற்கும் முந்தினதில் மூன்று. பைண்டர் கண்ணுக்கு அது தப்புமா? ஆனால் நம் வழக்கப்படி ஒன்று முதலில் அல்லவா வர வேண்டும். மூன்று நாள் யோசித்துவிட்டு, நாலாம் நாள் கண்ணாயிரத்திடம் கண்டுபிடிப்பைச் சொன்னார்.

"மைல்கல்லுயா. சின்னசேலம் போற ரோட்ல ஊரு கிட்ட வர வர நம்பர் கம்மியாவுது இல்ல? அந்த மாதிரி, கத முடிய இன்னும் எத்தினி தாள் இருக்குதுன்னு போட்டுருக்கான். ஜப்பான்காரன் மூளைய பாத்தியா?"

கண்ணாயிரம் ஆமாம் என்றார். அந்தச் சந்தில் ஜப்பான் மூளையைப் பற்றி எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

கதை பிரபலமாயிற்று. தைக்க வந்தவர்கள் எல்லோருக்கும் சொன்னார், சொல்லிவிட்டு நரியைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். தலைமையாசிரியர்கள், தபால்காரர், கச்சிராயபாளையத்து வைத்தியர், எல்லோரும் நரிக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ராஜாம்பாள் கேரியரோடு வருவதும், நிற்பதும், போவதும் நடந்துகொண்டிருந்தது.

1992 ஆடி மாசத்தில் ஒருநாள் அவள் கேரியரைப் பலகையில் வைத்தாள். வழக்கம்போல் நிற்கவில்லை. திரும்பி நடந்து, பேருந்து நிலையத்துக்குப் போய், சின்னசேலம் பஸ் ஏறி, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பொன்னுரங்கம் பதறிப்போனார். அதில் பொய் இல்லை. சந்து முழுக்க விசாரித்தார். எந்த பஸ், எத்தனை மணிக்கு, முன் படியா பின் படியா, என்ன கலர் புடவை, கையில் பை இருந்ததா, கண் கலங்கியிருந்ததா. கண்டக்டரைப் பிடித்து எந்த சீட்டில் உட்கார்ந்தாள் என்றுகூடக் கேட்டார். ஊரில் ஒருவர் பாக்கியில்லை. கேட்காமல் விட்டது அவள் ஒருத்தியைத்தான். சின்னசேலம் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ்ஸில் அரை மணி.

"போய்க் கூப்புடுய்யா" என்றார் கண்ணாயிரம்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்? அடிச்சேனா, குடிச்சேனா? தானா போனவ தானா வருவா. கதைல வர்லியா?"

வீம்பு. வேறென்ன? அதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அடுத்த வருஷம் ராஜாம்பாளுக்குச் சின்னசேலம் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை கிடைத்தது. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற முன்னுரிமையில் கிடைத்தது என்று யாரோ வந்து சொன்னார்கள். பொன்னுரங்கத்துக்கு ஆத்திரமான ஆத்திரம். "நான் எங்கய்யா கைவுட்டேன்? கேரியர வெச்சிட்டு அவதானே போனா?" என்று ஒரு வாரம் சந்து பூராவும் நியாயம் கேட்டார்.

ஆத்திரம் அடங்கியதும் புத்தகத்தின் முதல் தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படகில் அவள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதையே அவள் வருவதில்தான் ஆரம்பிக்கிறது, இனிமேல்தான் எல்லாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மூன்றடுக்குக் கேரியரைத் துலக்கி, பசை டப்பாக்களுக்கு மேலே அலமாரியில் வைத்தார். அவள் வந்து எடுத்துக்கொள்வாள். சின்னசேலம் பஸ் வரும் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிரும். இப்படி ஒன்பது வருஷம் நிமிர்ந்தது. பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. தலை நரைத்தது. கேள்வி மட்டும் குறையவில்லை.

2001 தை மாசம், பொங்கல் முடிந்து பள்ளிக்கூடமெல்லாம் திறந்த பிறகு, கண்ணாயிரத்தின் அக்கா மகள் அம்சவள்ளி லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சென்னையில் ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை, அதற்காகவே அந்த பாஷை படித்தவள். செய்தி காதில் விழுந்ததும் பொன்னுரங்கம் பசைக் கையைக்கூடக் கழுவாமல் டீக்கடைக்கு ஓடினார். பதினோரு வருஷத்துப் பசி அல்லவா.

"ஜப்பான் பாஷ படிக்க வருமாம்மா உனக்கு? எழுத்தும் தெரியுமா? இந்தா, உக்காரு. டீ குடிச்சியா? இது நரி. நரிய அப்பறம் பாக்கலாம். மொதல்லருந்து படி."

அவள் புத்தகத்தை வாங்கி, ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அப்படியே மறுபக்கம் திருப்பிப் பலகையில் வைத்தாள்.

"மாமா, நீங்க கடைசிலருந்து பாத்துக்கினு இருக்கீங்க. அவங்க புக்கு நம்மளுக்கு எதிர்ப் பக்கம் தொறக்கும். இங்க பாருங்க, ஒரு கோடு போட்டிருக்குதா? இது ஒண்ணு. அடுத்தது ரெண்டு. இது மூணு. நேர் நம்பருதான்."

"மைல்கல்லு இல்லியா?"

"மைல்கல்லா?"

கண்ணாயிரம் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சரி, எழுத்த படிம்மா."

"அதான் மாமா கஷ்டம். இது பழைய காலத்து எழுத்து, கூட்டிக் கூட்டி எழுதியிருக்காங்க. இப்ப இருக்கற ஜப்பான்காரங்களுக்கே படிக்க வராது. எனக்கு அங்கொண்ணு இங்கொண்ணுதான் தெரியுது. இது மழை. இது வீடு. அவ்ளோதான்."

 பொன்னுரங்கம் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அவள் வைத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். பூத்த மரம். கல்யாணம். அதுதான் ஆரம்பம். அந்தப் பெண் தட்டு ஏந்திக்கொண்டு வருகிறாள். அவன் ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். மறுபடி வருகிறாள். அவன் முதுகு. மறுபடி வருகிறாள். அவன் முதுகு. இத்தனை வருஷம் அவனுடைய திறந்த வாயைத்தான் பார்த்திருக்கிறார். அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாத் தாளிலும் தெரிவது முதுகு மட்டுந்தான். எண்ணினார், பதினொரு தாள். பிறகு அவள் தட்டிக்குப் பின்னால் படுத்திருக்கிறாள். பயணக் களைப்பு இல்லை, பயணமே இனிமேல்தான். கடைசித் தாளில் மழை, படகு. தன் கத்தி கிழித்து, தானே ஒட்டிய தாள். அவள் போகிறாள். போகும்போது திரும்பிப் பார்க்கிறாள். கரையில் யாரும் இல்லை.

"இந்தப் பொம்பள போறாளா, வர்றாளாங்க?" என்று பசை வாளிக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டதும், உனக்கு என்ன தெரியும் என்று தான் சொன்னதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தன.

படுக்கைப் படத்துக்குத் திரும்பி விரலை வைத்தார். "இவளுக்கு இன்னாம்மா ஒடம்புக்கு?"

"தெரியல மாமா. சுத்தி எழுதியிருக்கறதுல இருக்கும். எனக்குப் படிக்க வரல."

"யாருக்குத் தெரியும்?"

அம்சவள்ளி சிரித்துவிட்டாள். "அவளத்தான் கேக்கணும்."

அந்தப் பிள்ளை விளையாட்டாகச் சொன்னது. பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ராஜாம்பாள் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. போவதற்குப் பதினைந்து நாள் முந்தி. அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கேரியரோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வெளுத்திருந்ததை அவர் பார்க்கத்தான் செய்தார், அதுதான் இப்போது நெஞ்சில் குத்தியது. பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த ஆளிடம் நரியைப் பற்றிப் பேச்சைத் தொடர்ந்தார். ஊரில் எலிக்கு ஏன் பூனை வளர்க்கவில்லை என்று கேட்ட மனிதருக்கு, நீ ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் பகல் கடையைப் பூட்டிவிட்டு, அலமாரியிலிருந்த கேரியரை எடுத்துக்கொண்டு சின்னசேலம் பஸ் ஏறினார். பக்கத்து சீட்டில் ஒருவர் கூடை நிறைய எதையோ வைத்துத் துணி போட்டு மூடியிருந்தார். பொன்னுரங்கம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு பஸ் பயணம் அதற்கு முன்னால் நடந்தது கிடையாது.

பள்ளிக்கூடத்தின் கடைசியில் ஓடு போட்ட சமையல் கூடம். ராஜாம்பாள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியோரம் நரை. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி குனிந்து கஞ்சி வடிவதைக் கவனித்தாள்.

"இன்னா, வழி தெரிஞ்சிதா?"

ஒரு காலத்தில் அவரை 'ங்க' போடாமல் பேசாதவள். பொன்னுரங்கம் கேரியரை நீட்டினார். "இதக் குடுக்கலாம்னு."

"காலிக் கேரியரக் குடுக்க ஒம்போது வருசமா?"

 வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வி ஒன்றுதான் அவரிடம் இருந்தது.  கேட்டுவிட்டார்.

"அந்த ஆனி மாசம் ரெண்டு நாளு நீ கடைக்கு வர்லியே. எங்க இருந்த? ஒடம்புக்கு இன்னா?"

அவள் கை நின்றது. திரும்பவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் சாதமும் சாம்பாரும் போட்டு, முட்டை வைத்து, இரண்டாம் முறை கேட்டவர்களுக்குப் போட்டு, கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிக்கொண்டு போகும்வரை அவள் வாசல் பக்கம் பார்க்கவில்லை. பொன்னுரங்கம் வாசலிலேயே நின்றார்.

பிறகு அவள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். பழைய விலாசத்தைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில இருந்தேன். மூணு மாசம் முழுகாம இருந்தேன், கலைஞ்சி போச்சி. எங்கம்மாதான் கூட இருந்துச்சி."

"முழுகாம இருந்தது எனக்குத் தெரியாதே" என்றார் அவர்.

"எப்பிடித் தெரியும்? சொல்லலாம்னு ஒரு நாளு கேரியர எடுத்துக்கினு வந்தேன், ஆள் இருந்தாங்க. மறுநாளு வந்தேன், ஆள் இருந்தாங்க. வூட்டுக்கு வந்தா அந்தப் புக்க வெச்சிக்கினு உக்காந்திருப்ப. அப்பறம் சொல்றதுக்கே ஒண்ணும் இல்லாம போச்சி. மூணாம் நாளு சோறாக்கிக்கினு வந்து நின்னேன். நீ யாரோ வாத்தியார்கிட்ட நரிக்கு அர்த்தம் கேட்டுக்கினு இருந்த. ஊர்ல எல்லாரையும் கேக்கற மனுசன், என்னியும் ஒரு வார்த்த கேப்பன்னு பதினஞ்சி நாளு பாத்தேன்."

பொன்னுரங்கம் அழுதார். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அவருக்குள் கேள்விகள் முண்டியடித்தன: எந்த வார்டு, எந்த டாக்டர், என்ன நாள், யார் கூட்டிக்கொண்டு போனது. அவையெல்லாம் பழைய பொன்னுரங்கத்தின் கேள்விகள். அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"ரொம்ப வலிச்சிதா?"

ராஜாம்பாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ம்" என்றாள். அப்புறம் அவளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அழுகை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பைண்டிங் கடையில் அழுதிருக்க வேண்டியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துலக்கியே இருந்த கேரியரைக் குழாயடிக்குக் கொண்டுபோய் மறுபடி துலக்கினாள். மூன்று அடுக்கையும் கவிழ்த்து வைத்தாள். பொன்னுரங்கம் அதை எடுக்கக் கையை நீட்டினார்.

"இங்கியே இருக்கட்டும்" என்றாள். "நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கினு போங்க."

மறுநாள் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டார். ராஜாம்பாள் கேரியரைக் கட்டிக் கண்ணெதிரே வைத்திருந்தாள், ஆனால் கொடுக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள், தட்டுக் கழுவினார்கள், அண்டா கழுவினாள், கூடம் பெருக்கினாள். பொன்னுரங்கம் சுவரோரமாக நின்றார். அதற்கு அடுத்த நாளும் நின்றார்.

"எவ்ளோ நேரம்யா நிக்க வெக்கிறா?" என்று ஒருநாள் கண்ணாயிரம் கேட்டார்.

"அவ என் கடையில நின்னத வுட கம்மிதான்" என்றார் பொன்னுரங்கம்.